ஏழு கோட்டுத் தரகர்

கம்பம் மாட்டுச்சந்தையில் குறை சொல்லாமல் எதையும் வாங்கியவன் கிடையாது. பல்லைப் பிடித்துப் பார்ப்போம், வாலை முறுக்குவோம், சுழி சரியில்லை என்போம். மனசுக்குள் மாடு எப்போதோ பிடித்துப்போயிருக்கும். ஆகவே, செத்துப்போன தரகர் கருத்தக்கண்ணனுக்குச் சந்தை வாசலில் கற்சிலை வைப்பதென்று அவர் மனைவி மொக்கம்மாள் முடிவெடுத்தபோது, குறை சொல்ல அத்தனை வியாபாரிகளும் ஆஜர்.

அவருக்குப் போட்டோ கிடையாது. மதுரைச் சிற்பி ஒருவர் மாதிரிப் படத்தை வண்ணத்தில் வரைந்து அனுப்பியிருந்தார்: முறுக்கு மீசை, கடுக்கன், கழுத்தில் சங்கிலி.

"எந்த ஊரு ஜமீனு இவுக?" என்றாள் மொக்கம்மாள்.

அடுத்து உள்ளூர்ச் சிற்பி பிச்சைமணி ஆசாரி. சிலை வேலை அமையாமல் இரண்டு வருஷமாக அம்மி கொத்திக்கொண்டிருந்தவர். இதுவும் தவறினால் ஆயுசுக்கும் அம்மிதான். சந்தைக் கொட்டகையின் வெள்ளைச் சுவரில் கரித்துண்டால் ஆளுயரத்துக்கு இழுத்தார். எண்ணிப் பார்த்தேன். ஏழே கோடு.

சேக் பரீத் ராவுத்தர் சிரித்தார். முப்பது வருஷம் கருத்தக்கண்ணனுக்கு எதிரே நின்று விலை பேசியவர். அவர் ஒப்பாமல் சந்தையில் ஒரு கல் நட முடியாது.

"என்ன ஆசாரி, கரி தீந்துபோச்சா? கண்ணெங்க, மூக்கெங்க?"

"அது எல்லாருக்கும் இருக்கு ராவுத்தரே."

"வலது கையக்கூடக் காணோமேய்யா! ஒத்தக் கையனுக்கா சில வைக்கிறோம்?"

"கிட்டக்க வந்து பாருங்க."

போனார். சரிந்த தோள் ஒரு கோடு. சாய்ந்த தலை ஒரு கோடு. முழங்கைக்குக் கீழே தொங்கும் துண்டு ஒரு கோடு. எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை; துண்டு மறைவில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவது.

குறை சொல்லப் போன ராவுத்தர் தம் தோள் துண்டை உருவி வலது கையில் போட்டார். போட்ட கையைச் சுவரை நோக்கி நீட்டினார்.

சந்தை மொத்தமும் பார்த்தது. தாம் விலை பேசக் கை நீட்டியிருப்பது அவருக்குத்தான் கடைசியில் தெரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

"அவன்தேன்," என்றார். "படுபாவி, இப்பிடித்தேன் தோளச் சரிப்பான். சரிச்சுட்டான்னா அதுக்கு மேல அரையணா எறங்க மாட்டான்."

மொக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உறுமினாள்: "ஆசாரி, மீச கடுக்கன் ஒண்ணும் வேணாம். இந்தக் கோட்டத் தாண்டி ஒரு கொத்துக் கொத்துனீகன்னா உளியப் பிடுங்கிப்புடுவேன்!"

பெண்கள் குலவை போட்டார்கள். கரி படிந்த விரல்களோடு பிச்சைமணி ஆசாரி ஜல்லிக்கட்டுக் காளைபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நான் வழக்கப்படி ஒரு குறையாவது சொல்லிவைப்போமென்று சுவரை மேலும் கீழும் பார்த்தேன். அகப்படவில்லை.