சொந்த முத்திரை

ஆலை வாசலைத் தாண்டிவிட்டால் யாரும் யாரையும் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளக் கூடாது. சியோலின் குரோ தொழிற்பேட்டையில் எந்தச் சுவரிலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை. சுவர்களில் ஏற்றுமதி இலக்குகள்தாம் எழுதப்பட்டிருந்தன. ஆனாலும் தையல் பிரிவுக்குப் புதிதாக வருகிற பெண் தன் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைக் கற்றுக்கொண்டுவிடுவாள். ஆறு நாளும் ஒரே வரிசையில் முழங்கை இடிபடத் தைத்தவர்கள், ஏழாம் நாள் பேருந்தில் எதிரெதிரே அமர்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மடியில் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். பார்ப்பவர்கள் கல்லூரி மாணவி என்று எண்ண வேண்டும். ஒருத்தி மற்றவளைப் பெயர் சொல்லி அழைத்தால் இருவரின் வேடமும் ஒருசேரக் கலைந்துவிடும். பின்னிருக்கையில் யாராவது "கொங்சுனி" என்று முனகிச் சிரிப்பார்கள். ஆலைக்காரிகளுக்கு நகரம் வைத்திருந்த ஏளனப் பெயர் அது. ஆகவே கண்டும் காணாதிருப்பதுதான் அவர்களுக்குள் நிலவிய மரியாதை.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், தம்பியின் பல்கலைக்கழக வாசலில் நின்றபோது ஓக்புன்னின் கையிலும் அப்படியொரு புத்தகம் இருந்தது. ஏழு ஆண்டுகளாக அவள் தையல் மிஷினில் இருக்கிறாள். அவளுடைய சம்பளத்தில்தான் கிஹ்வான் பொருளாதாரம் படிக்கிறான். இன்று அவன் துறைக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறான். பேராசிரியருக்குப் பிடித்துவிட்டால் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைக்கும் என்று பேச்சு.

"அக்கா, யாராச்சும் கேட்டா டிரேடிங் கம்பெனின்னு சொல்லிடு. டைப் அடிக்கிறேன்னு."

"அடிச்சுக் காட்டுன்னு சொன்னா?"

"ஞாயித்துக்கிழமை யாரு அக்கா டைப் மிஷினைத் தூக்கிட்டு வருவா?"

"நல்லாத்தான் பொய் சொல்லக் கத்துக்கிட்டே. சாப்பிட்டியா, இல்ல வெறும் வயித்தோட மேடை ஏறப் போறியா?"

அவன் பதில் சொல்லுமுன் அவனுடைய நண்பன் துக்சூ ஓடிவந்து ஓக்புன்னைக் குனிந்து வணங்கினான்.

"அடப்பாவி, இவங்களை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே? அக்கா, மூணு வருஷமா என் சிகரெட்டையேதான் பிடிக்கிறான். ஆபீஸ் உத்தியோகத்துல அக்கா இருக்காங்கன்னு இன்னிக்குக் காலையிலதான் வாயத் தொறந்தான்!"

ஓக்புன் சிரித்தாள். ஊசி ஏறிக் கறுத்துப்போன ஆள்காட்டி விரல் நகத்தைப் புத்தகத்துக்கு அடியில் மடக்கிக்கொண்டாள்.

அரங்கின் கடைசி வரிசையைக் கடக்கையில்தான் கும்ஷிம்மைப் பார்த்தாள். அடுத்த மிஷின்காரி. மூன்று ஆண்டுகளாக ஒரே அறையில் ஒரே கரி அடுப்பைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கிறவள். ஆலைப் பெண்களுக்கு இரவுப் பள்ளி நடத்தும் பல்கலைக்கழக மாணவி ஒருத்தியின் பக்கத்தில், ஆலையின் நீலச் சட்டையோடு, கையில் புத்தகம் எதுவுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். இருவர் பார்வையும் ஒரு கணம் தொட்டு விலகின. ஓக்புன் முன்வரிசைக்குப் போய் அமர்ந்தாள்.

கிஹ்வான் தெளிவாக வாசித்தான். நம் மண்ணில் எண்ணெய் இல்லை, இரும்பும் போதாது. நம்மிடம் இருக்கும் மூலதனம் உழைக்கும் விருப்பமே என்றான். கூடுதல் வேலை நேரத்தைக் கட்டாயம் என்று பழிப்பது தவறு. ஓய்வா ஊதியமா என்று தொழிலாளி தானே எடைபோட்டுச் செய்யும் தேர்வு அது என்று வாதிட்டான். பேராசிரியர் தலையசைத்தார். ஓக்புன்னுக்கு நெஞ்சு விம்மியது. இவ்வளவு சொற்களும் தன் தையலிலிருந்தல்லவா வந்தவை என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

அப்போது அவன் தாளைத் திருப்பினான். "இது என் ஊகம் மட்டுமல்ல. தையல் தொழிலாளி ஒருவர் நேரில் சொன்ன வார்த்தையை அப்படியே தருகிறேன்: 'யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தல. சம்மதப் படிவத்துல கையெழுத்துக்குப் பதிலா நாங்களேதான் எங்க பேர் முத்திரைய வைக்கிறோம்.'"

அது அவள் சொன்னதுதான். புத்தாண்டு விடுமுறையில், அரிசி அப்பச் சூப்பு பரிமாறிய மேசையில், "ராத்திரி வேலையெல்லாம் உன் இஷ்டத்துலதானே செய்யறே?" என்று அவன் கேட்டான். அம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தக் கரண்டி மீண்டும் அசைய வேண்டும் என்பதற்காகத்தான் ஓக்புன் அப்படிச் சொன்னாள். தம்பி அதை ஒரு சான்றாக எழுதிவைத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

கும்ஷிம் எழுந்து நின்றாள். பேராசிரியர் கையசைத்து அனுமதித்தார்.

"முத்திரை வெச்சது யாருங்க? வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே எங்க முத்திரையெல்லாம் சூப்பர்வைசர் வாங்கிக்கிட்டாரு. பிஸ்கட் டப்பாவுல போட்டு டிராயர்ல பூட்டி வெச்சிருக்காரு. சனிக்கிழமையானா அவரே எடுத்து வரிசையாக் குத்துவாரு. என் முத்திரைய நான் பாத்தே மூணு வருஷமாச்சு. எனக்குத்தான் தூக்கம் வருது. அந்த முத்திரைக்கு மட்டும் ராவும் பகலும் வேலை செய்ய அப்படி ஒரு ஆசை!"

சிலர் சிரித்தார்கள். முன்வரிசை மாணவன் ஒருவன் திரும்பினான். "கட்டுரையில ஒரு தொழிலாளி சொல்றாங்க. நீங்க வேற மாதிரி சொல்றீங்க. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சே?"

"கொங்சுனிக்கெல்லாம் பொருளாதாரம் வந்துடுச்சுடா," என்று எவனோ அடிக்குரலில் சொன்னான். இம்முறை சிரிப்பு பெரிதாக இருந்தது.

பேராசிரியர் மேசையைத் தட்டினார். "உங்கள் ஆலையிலிருந்து வேறு யாராவது இதை உறுதிப்படுத்த முடியுமா, அம்மா?"

கும்ஷிம்மின் பார்வை வரிசை வரிசையாக நகர்ந்துவந்தது. திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஓக்புன்னின் முகத்துக்கு அது வந்தது. அங்கே நிற்கவில்லை, தயங்கவும் இல்லை. காலி நாற்காலியைக் கடப்பதுபோல் கடந்துபோயிற்று.

"இல்லைங்க," என்றாள் கும்ஷிம். "நான் மட்டும்தான் வந்தேன்."

காட்டிக்கொடுத்திருந்தால்கூட ஓக்புன்னால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். காலையில் ஒரே சட்டியில் பார்லிச் சோற்றைக் கிளறித் தின்றுவிட்டு வந்தவள், அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவே தனியாக நின்றுகொண்டு, தன்னை மறைத்துக் காக்கிறாள். கொங்சுனி என்று அழைக்கப்படுவதற்குத்தான் ஏழு ஆண்டுகளாக அஞ்சியிருந்தாள். அந்தச் சொல் இன்று வேறொருத்தி மேல் விழுந்தபோது, தான் அதன் மறைவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது அதைவிட இழிவாகப் பட்டது.

மேடையில் கிஹ்வான் நிமிர்ந்தான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அவளைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை; அவ்வளவு நம்பிக்கை.

"அவங்க அனுபவத்தை நான் மறுக்கல," என்றான். "ஆனா எனக்குச் சொன்னவங்களை எனக்கு நல்லாத் தெரியும். அவங்க பொய் சொல்றவங்க இல்ல."

பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டார். கும்ஷிம் மெல்ல உட்காரப் போனாள்.

நாற்காலி தரையில் கிறீச்சிட ஓக்புன் எழுந்தாள். பக்கத்து நாற்காலியில் துக்சூ வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தான். மேடையில் தம்பியின் தலை, வேண்டாம் என்று மிகச் சிறிதாக அசைந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"கும்ஷிம்! உக்காராதடி!" ஆலை இரைச்சலில் பேசிப் பழகிய குரல் அரங்கின் கடைசிச் சுவர்வரை போயிற்று. "நானும்தான் வந்திருக்கேன். எல்லாரும் கேட்டுக்கோங்க, நான் அவ பக்கத்து மிஷின்காரி. தம்பிகிட்ட அந்தப் பொய்யைச் சொன்னவ நான்தான்."