தொற்று இல்லை

ஆஸ்பத்திரி அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று முகக்கவசத்தின் வாரை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டுதான் அவள் உள்ளே போனாள். கட்டிலில் கிடந்த கணவர் கண் திறந்து பார்த்தார்.

சலூன் வைத்திருந்தவர். கடைத்தெருவில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. காய்ச்சல் பரவத் தொடங்கியதுமே அவள் மாஸ்க் வாங்கிக் கொடுத்தாள். "வாய மூடிக்கிட்டு முடி வெட்டினா எவன் வருவான்?" என்று சிரித்துவிட்டு அதைத் தாடைக்கு இறக்கிக்கொண்டார். இருமிக்கொண்டே வந்த ஒருவருக்கும் அப்படித்தான் சவரம் செய்தார்.

அவர் வீட்டில் படுத்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்வரை ஊட்டிவிட்டது, துடைத்துவிட்டது எல்லாம் அவள்தான். ஜன்னல்களைத் திறந்தே வைத்தாள். மூக்கையும் வாயையும் மூடியே இருந்தாள். பேக்கரியில் மாவுத் தூசிக்கு நடுவே வேலை பார்த்தவளுக்கு அது பழக்கம்தான். அவள் முகத்தை அவர் முழுசாகப் பார்த்தே பல நாளாகிவிட்டது.

இனி அதிக நேரமில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மாஸ்க்கைக் கழற்ற மனைவியின் கை காதோரம் போனது.

"கழட்டாத," என்றார்.

"ஒரே ஒரு தடவ பாருங்க. ஒண்ணும் ஆகாது."

"நான் கழட்டினது போதும்."

ரேடியோ அதற்குமேல் பேசவில்லை. அவள் கையை இறக்கிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்தின்போது மூத்த நாத்தனார் தூரத்திலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள். குறை சொல்ல முடியாது. அவரவர் உயிர் அவரவருக்கு வெல்லக்கட்டி.

சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பரிசோதனையில் அவளுக்குத் தொற்று இல்லை. ஒரே வீட்டில் இருந்தும் பிழைத்தது பெரும்பாலும் மாஸ்க்காலும் திறந்த ஜன்னலாலும்தான் என்றாள் நர்ஸ்.

"காப்பாத்திடுச்சுக்கா உங்கள."

சரி என்றாள். போனை வைத்ததும் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க அண்ணி. இனிமே வரலாம்."

"நல்லதாப் போச்சும்மா." அந்தப் பக்கக் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் கூடத்தைப் பெருக்கி, வருபவர்களுக்காக நாலு நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டாள். வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாள். தெருவில் போனவர்கள் அந்த வீட்டுக்கு எதிரே வந்ததும் நடையை எட்டிப் போட்டார்கள். முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெயில் மெல்ல உள்ளே வந்து மடியில் ஏறியது. எழுந்து, அடுத்த காலி நாற்காலிக்கு மாறிக்கொண்டாள்.