வலைக்குள் அடங்காத கெண்டை

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவரை எல்லோரும் 'முழம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மீனை அவர் முழக்கணக்கில்தான் சொல்வார். சலூனின் ஜன்னலோர நாற்காலியில் காலையில் கையளவாகப் பிறக்கும் அவருடைய மீன், மதியத்துக்குள் வாசலுக்கு வெளியே வாலை நீட்டிவிடும்.

சலூன்காரர் அவருடைய மனைவியின் தம்பி. அளவு விஷயத்தில் ஈவிரக்கமே கிடையாது. அரை விரல் வெட்டச் சொன்னால் அரை விரல்தான். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"அத்தான், ஞாயித்துக்கிழமை நானும் ஏரிக்கு வர்றேன். என் கண்ணு முன்னால ஒரு பெரிய மீன் மாட்டணும். இல்லேன்னா, இனிமே இந்தக் கடையில மீனைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கூடக் கைதட்டினார். வீறாப்பாகச் சரி என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிய பிறகுதான் முழத்துக்குத் தான் ஒப்புக்கொண்டது என்னவென்று உறைத்தது. மீன் பேச்சு இல்லாமல் அந்த நாற்காலியில் உட்காருவதா? அதற்குப் பேசாமல் வாயைத் தைத்துக்கொண்டு போய்விடலாம்.

குளிர் அப்போதுதான் ஊருக்குள் காலெடுத்து வைத்திருந்தது. ஞாயிறு விடியும்போதே கம்பளித் தொப்பியோடு சலூன்காரர் வந்து கதவைத் தட்டினார். வெயில் நன்றாக ஏறும்வரை முழம் அசையவில்லை.

"மீனைக் காலங்காத்தால தான பிடிப்பாங்க அத்தான்?"

"அது கோடையில. இப்ப மீனும் உங்க அக்கா மாதிரி. வெயில் வந்தாத்தான் போர்வையை விட்டு எந்திரிக்கும்."

"அக்காகிட்ட சொல்றேன் இருங்க."

"சொல்லு, சொல்லு. எந்திரிச்சப்புறம் சொல்லு."

ஏரிக்கரையில் முழம் பையைத் திறந்தார். கோடையில் யானையையே கட்டி இழுக்கலாம் என்று பீற்றிக்கொள்ளும் தடித்த தூண்டில் நரம்பைக் காணோம். அதற்குப் பதில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய நரம்பு, எறும்பு வாய்க்குப் பொருத்தமான ஒரு முள், தீக்குச்சி மாதிரி ஒரு தக்கை.

"என்ன அத்தான் இது, என் கடையில கூட்டி அள்ளினதா?"

"குளிர்ல தண்ணி தெளிஞ்சிரும் மச்சான். தடி நரம்பைப் பாத்தா மீன் வராது, சிரிக்கும்."

பாதி மண்புழுவை முள்ளில் கோத்து, கரை சரிந்து ஆழமாகிற இடத்தில் அடிமண்ணைத் தொடும்படி இறக்கினார். குளிரில் மீன் இரையைத் துரத்தி வராது. வாய்க்கு நேரே கிடந்தால், போனால் போகிறது என்று தின்னும். ஆகவே காத்திருந்தார்கள். சலூன்காரரின் மூக்கு தக்காளியாகச் சிவந்து, காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது.

தக்கை முழுகவில்லை. தூக்கத்தில் தலை சாய்கிறவர் மாதிரி லேசாகச் சாய்ந்தது. அவ்வளவுதான். முழம் தூண்டிலைத் தூக்கினார். கோல் வில்லாக வளைந்தது. ஏரியின் அடித்தளமே கழன்று வருகிறதோ என்றிருந்தது அவருக்கு. இழுத்தால் நரம்பு அறுந்துவிடும். அது ஓடும்போது ரீலை விட்டுக்கொடுத்து, நிற்கும்போது சுற்றி, கரையோரமாக அதன் பின்னாலேயே நடந்தார்.

"மச்சான், அந்தக் கைப்பிடி வலையைத் தண்ணிக்குள்ள அமுக்கி சும்மா வெச்சிரு. மீனை நான் வலைக்கு மேல கொண்டாறேன். நீ துரத்தாத!"

மீன் மேலே வந்தது. பொன்னிறக் கெண்டை, நிஜமாகவே ஒரு கை நீளம். அதைக் கண்டதும் சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "ஐயோ!" என்று கத்திக்கொண்டே கைப்பிடி வலையால் அதன்மேல் பாய்ந்தார். வலையின் விளிம்பு நரம்பில் பட்டது. 'டப்' என்றது. கெண்டை இருவர் முகத்திலும் வாலால் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயே போய்விட்டது.

மீன் மாட்டியதை மச்சான் கடையில் சொன்னால், அதைத் தப்பவிட்டது யார் என்றும் சொல்ல வேண்டுமே, சொல்வானா என்று வீடு வரும்வரை முழம் மனதுக்குள் மறுகிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை ஜன்னலோர நாற்காலியில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். பாதி முடி வெட்டிய தலையோடு தபால்காரர்தான் கேட்டார்.

"என்னங்க, ஏரியில எதாவது மாட்டுச்சா?"

கத்தரிக்கோல் நின்றது.

"மாட்டுச்சு," என்றார் சலூன்காரர்.

"எவ்வளவு பெருசு? மீன் எங்க?"

சலூன்காரர் கைகளை விரித்தார். போதவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இன்னும் விரித்தார். கை பட்டு அலமாரியிலிருந்த பவுடர் டப்பா உருண்டு விழுந்தது.

"வலையெல்லாம் அதுக்கு எம்மாத்திரம்! வலையையே முழுங்கியிருக்கும். யார் பிடிச்சிருந்தாலும் நழுவத்தாங்க செய்யும்!"

எல்லாத் தலைகளும் முழத்தின் பக்கம் திரும்பின. அந்தக் குளிரிலும் மச்சானின் நெற்றியில் வியர்வை மினுங்கியது. முழம் செய்தித்தாளை நிதானமாக மடித்தார்.

"மச்சானுக்கு எப்பவுமே அளவுல கஞ்சத்தனம்," என்றார். "அவர் காட்டினது தலை மட்டுந்தான்."