ஒடிக்கத்தியில் ஒரு பொக்கை

வாழைத்தண்டு வெட்டத் தெரியாதவன் என்று பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் குடகில் எந்தக் கல்யாணத்துக்கும் தலை நிமிர்ந்து போக முடியாது. பெள்ளியப்பாவுக்கு அந்தப் பெயர் போன வருஷம் வந்தது. உறவுக்காரப் பையனின் கல்யாணத்தில் நட்டிருந்த வாழையை ஒரே வீச்சில் சாய்க்க வேண்டியவன் மூன்று தடவை கொத்தினான். அப்படியும் தண்டு நாரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. பின்னால் நின்ற அண்ணன் முத்தண்ணா கத்தியை வாங்கி ஒரே போடாகப் போட்டு முடித்தார். பெண்கள் சிரித்த சிரிப்பு பெள்ளியப்பாவின் காதைவிட்டுப் போகவே இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் இந்த ரோஷம் தேவையா என்றால் தேவையில்லைதான். ஆனால் ரோஷம் வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அடுத்து தங்கை சீதவ்வாவின் மகனுக்குக் கல்யாணம். தாய்மாமன்கள்தான் வாழை வெட்ட வேண்டும். அதற்குள் பழகிவிட வேண்டும் என்று நினைத்தான். அந்த நினைப்பில்தான் செய்யக்கூடாததைச் செய்தான்.

வயல் வேலை தொடங்கியதும் வீட்டு ஆயுதங்கள் எல்லாம் பூஜை அறைக்குள் போய்விடும். துப்பாக்கியும் போகும், இடுப்பில் செருகும் வெள்ளிப் பிடிக் குத்துவாளும் போகும், ஏழு தலைமுறை ஆண்களின் முதுகில் தொங்கிய வளைந்த ஒடிக்கத்தியும் போகும். கைல்போல்து பண்டிகையன்று வீட்டின் மூத்தவர் எடுத்துக் கொடுக்கும்வரை அவற்றில் ஒருவர் விரலும் படக்கூடாது. அறைச் சாவி எப்போதும் முத்தண்ணாவிடம் இருக்கும்.

ஆடி மழை கொட்டும் கக்கட மாதத்தில் ஒரு நாள் முத்தண்ணா கண் பரிசோதனைக்கு விராஜ்பேட்டை போனார். சாவியை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார். பெள்ளியப்பா ஒடிக்கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். முதல் வாழை ஒரே வீச்சில் விழுந்தது. சின்னப் பிள்ளைபோல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. இரண்டாவது வாழைக்குப் பின்னால், சருகுக்குள் வேலிக்கல் இருந்ததை அவன் பார்க்கவில்லை. கணீரென்று சத்தம் கேட்டது. கத்தியின் வாயில் நகக்கண் அளவுக்கு ஒரு பொக்கை. துடைத்து, எண்ணெய் தடவி, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வந்தான்.

கைல்போல்து வந்தது. தூக்கு விளக்கின் முன்னால் எல்லாரும் கூடி நின்றார்கள். முத்தண்ணா சந்தனம் வைத்து, காந்தள் பூச் சூட்டுவதற்காகக் கத்தியைக் கையில் எடுத்தார். கத்தியின் வெட்டுவாயோடு ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது. பெள்ளியப்பா சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான்.

"உள்ள வைக்கும்போது கை நடுங்குச்சு. நான்தான் கீழ போட்டிருக்கேன் போல" என்றார் முத்தண்ணா.

சமீப காலமாக அவர் ஆட்களைப் பெயர் மாற்றிக் கூப்பிடுவதும், கண்ணாடியைக் குளியலறையில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவதும் எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. பெள்ளியப்பாவும் திறந்த வாயை மூடிக்கொண்டான். செய்த துரோகம் அவ்வளவுதான், வாயை மூடும் நேரம்கூட ஆகவில்லை.

முத்தண்ணா தரையில் நெற்றி பட விழுந்து முன்னோரிடம் மன்னிப்புக் கேட்டார். எழுந்து சாவியைத் தம்பி கையில் வைத்தார். கொல்லனிடம் கொடுத்துத் தீட்டிவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு, என் தப்பு அதிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அன்று கடம்புட்டு என்கிற அரிசி உருண்டையும் பன்றிக்கறியும் அவர் இலையில் அப்படியே ஆறிக் கிடந்தன.

அதற்குப் பிறகு அவர் ஜீப் ஓட்டவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் ஆட்களிடம் எதையாவது சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று மனைவி தேச்சம்மாவிடம் போய்க் கேட்டார். ஒரு நாள் தேச்சம்மா பெள்ளியப்பாவைக் களத்தில் நிறுத்தினாள்.

"அந்தக் கத்தியப் பார்த்த நாள்லேர்ந்து உங்க அண்ணன் தன்னையே நம்புறதில்ல தம்பி. கதவைப் பூட்டிட்டு மூணு தடவ வந்து பாக்குறாரு. நீங்கதான் ஏதாவது சொல்லுங்களேன்."

சொல்கிறேன் அண்ணி என்றான். அதன்பின் எத்தனையோ தடவை அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தான். மிளகு விலையைப் பேசினான், மழையைப் பேசினான், பேசவேண்டியதை விட்டுவிட்டு எழுந்து வந்தான். கோழை. அவனைக் கேட்டாலும் அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருப்பான்.

கல்யாண நாளில் மூன்று வாழைகள் பூச்சூடி நின்றன. முதல் வெட்டு முத்தண்ணாவுக்கு உரியது. கறுப்பு அங்கியும் சிவப்புப் பட்டுக் கச்சையுமாக வந்தவர், எனக்கு வேண்டாம் என்று கத்தியைத் தம்பியிடம் நீட்டினார். பெள்ளியப்பா கிழக்கே பார்த்துக் கும்பிட்டான். பொக்கை அவன் கண்ணெதிரே மின்னியது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் ஒவ்வொரு வீச்சில் சாய்ந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது. வானத்தை நோக்கி இரண்டு வேட்டு வெடித்தது.

முத்தண்ணாவின் முகம் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மலர்ந்தது. "எங்கடா பழகின?" என்று கேட்டார்.

இனிமேலும் தாங்காது என்று பெள்ளியப்பாவுக்குத் தெரிந்தது. "நம்ம கொல்லையிலதான் அண்ணா. கக்கட மாசத்துல, இதே கத்தியால. வேலிக்கல்லுல அடிச்சுப் பொக்கையாக்கினது நான்தான். நீங்க கீழ போடல."

முத்தண்ணா தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் தோளில் கை வைத்தார். அந்தக் கை இப்போது நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது.

"போதும்டா. எனக்காகப் பழிய நீ ஏத்துக்க வேண்டாம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கையிலிருந்து நழுவினது, தரையில விழுந்தது, அந்தச் சத்தம்கூட இன்னும் காதுல இருக்கு."

சத்தியம் அண்ணா என்று பெள்ளியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். முத்தண்ணா கேட்கவில்லை. சீதவ்வாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேச்சம்மா பெள்ளியப்பாவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

பந்தியில் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெள்ளியப்பா இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் இலையிலும் எல்லாம் அப்படியே ஆறிக் கிடந்தன.