பாதி எலுமிச்சை

கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் அண்ணன் காரை ஓரங்கட்டி, நாலு கதவையும் திறந்துவிட்டு, அப்பா உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே வாசனைத் திரவத்தை அடித்தான். மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிப்பது போல சீட்டுக்கு அடியிலும் கால்மிதியிலும் அடித்துவிட்டு, கடைசியில் அப்பாவின் தொடையை ஒட்டியும் ஒரு அமுக்கு அமுக்கினான். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். டப்பாவில் எலுமிச்சம்பழப் படம் போட்டிருந்தது. எலுமிச்சையை ஆயுளில் ஒருமுறைகூட நறுக்கிப் பார்க்காத எவனோ செய்த வாசனை. அது அப்பா வேட்டியிலேயே போய்விட்ட நாற்றத்தைப் போக்கவில்லை, அதன் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. இப்போது இரண்டும் சேர்ந்து வந்தன.

"அவ்வளவுதான், ஏறுங்க ஏறுங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்," என்றான் அண்ணன். "வீட்டுக்குப் போனதும் பாத்துக்கிற அம்மா வந்து மாத்திவிட்டுடுவாங்க. அதுக்குன்னுதானே ஆள் போட்டிருக்கோம்."

அண்ணி நாலு மரம் தள்ளி நின்று, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் போனில் கடற்கரைப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "இந்தப் படத்துல பாரேன், மாமா சிரிக்கிற மாதிரியே இருக்கு," என்றாள்.

மூக்கி எட்டிப் பார்க்கவில்லை. அப்பா சிரிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வெயிலில் கண் கூசினால் அவர் முகம் அப்படித்தான் ஆகும்.

அவளுக்கு மூக்கி என்று பேர் வைத்ததே அப்பாதான். தவழ்கிற வயதிலேயே எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாளாம். பக்கத்து வீட்டில் பால் பொங்கினால் இங்கே முகத்தைச் சுளிப்பாளாம். அந்த மூக்கை வைத்துக்கொண்டு ஒரு மீன்காரர் வீட்டில் வளர்ந்தாள். அப்பா சந்தையிலிருந்து வந்தால் நேரே பின்கட்டுக் குழாயடிக்குப் போவார். அங்கே எப்போதும் பாதி எலுமிச்சை இருக்கும். விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை என்று தேய்த்துக் கழுவிவிட்டு, கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டுவார். அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினால்தான் தூக்குவார். ஆட்டாவிட்டால் மறுபடி குழாயடி. ஊரே மீன்காரரைப் பார்த்துச் சிரித்தது, பெண்ணிடம் சோதனைக்கு நிற்கிறார் என்று.

வளர்ந்த பிறகும் மூக்கு மாறவில்லை. செருப்புக் கடையில்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் காலைப் பிடித்துச் செருப்பு மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கையைத் தோல் உரியக் கழுவுவாள். "ஊரான் காலைத் தொடறே, உனக்கு எதுக்குடி இந்த பவுசு?" என்பான் அண்ணன். சம்பளத்துக்குத் தொடுவது வேறு என்று அவள் நினைத்துக்கொள்வாள். அப்பா படுத்த படுக்கையான பிறகு மாத்திரை கொடுத்தாள், கஞ்சி ஊட்டினாள். மற்றதெல்லாம் பாத்துக்கிற அம்மாவின் பொறுப்பு. அந்தம்மா துணி மாற்றும் நேரத்தில் மூக்கிக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

வயிற்றில் கட்டி. டாக்டர் கையை விரித்துவிட்டார். "ஆசைப்பட்ட இடம் ஏதாவது இருந்தா கூட்டிட்டுப் போங்க" என்று அவர் சொன்னதுதான் தாமதம், அண்ணன் முடிவு பண்ணிவிட்டான். மீன்காரருக்குக் கடலைத் தவிர வேறென்ன ஆசை இருக்கப்போகிறது? அப்பாவை யாரும் கேட்கவில்லை. மூக்கியும்தான் கேட்கவில்லை. புதுக்காரின் பின்சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஓரங்களை டேப் ஒட்டி, அதன்மேல் அப்பாவை உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள்.

கடற்கரையில் நாற்காலி போட்டு அவரைக் கடலைப் பார்க்க உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் காலால் மணலை உதைத்து உதைத்து நாற்காலியைத் திருப்பப் பார்த்தார். அண்ணன் குளிர்கிறது போல என்று ஒரு துண்டைக் கொண்டுவந்து போர்த்தினான். பக்கத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. மணலில் எதுவோ செத்துக் கிடந்தது. அண்ணி படம் எடுத்தாள்.

வாசனை அடித்து முடித்ததும் கார் மறுபடி கிளம்பியது. மூக்கி அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஏசி போட்டிருந்ததால் கண்ணாடியை இறக்கக் கூடாது என்பது அண்ணன் உத்தரவு. முன்பக்கக் கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டை ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆடி ஆடி இன்னும் கொஞ்சம் பொய் எலுமிச்சையை உதிர்த்தது. பிளாஸ்டிக் விரிப்பு அப்பா அசையும்போதெல்லாம் சளசளத்தது. அண்ணன் முன்னால் பொரிகடலையை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். இந்தக் காருக்குள் உட்கார்ந்து ஒருத்தனுக்குத் தின்னவும் முடிகிறதே என்று பார்த்தாள்.

"நீ முன்னாடி போய் உக்காரு," என்றார் அப்பா மெதுவாக.

"பரவாயில்லப்பா."

"என்ன பரவாயில்ல? நீ வாயால மூச்சு விடறது எனக்குக் கேக்குது."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. வாயை மூடிக்கொண்டாள். மூடியதும் நாற்றம் நேரே மண்டைக்குள் ஏறியது.

"எனக்கே தாங்கல," என்றார்.

"வலிக்குதாப்பா?"

"வலி கெடக்குது. நாத்தம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் மூக்கு நுனி சுருங்கியிருந்தது. அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிற சுருக்கம்.

"என்ன பாக்குறே? இந்த மூக்கு உனக்கு எங்கேயிருந்து வந்துச்சு? கடையில வாங்கினதா?"

"அப்ப மீன் நாத்தம்?"

"குமட்டும். கடை போட்ட அன்னிக்கும் குமட்டுச்சு, மூடின அன்னிக்கும் குமட்டுச்சு. நான் மீன் தின்னு என்னிக்காவது பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. விற்று விற்றுச் சலித்துப்போயிருக்கும் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

"எலுமிச்சங்கா உனக்காகன்னுதான் ஊருக்குச் சொன்னேன்," என்றார். "மீன்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா வியாபாரம் ஆகுமா? புள்ள மேல பழியைப் போட்டு நானும் தேச்சுக்கிட்டேன்." சிரிக்கப் பார்த்தார். மூச்சு ஒத்துழைக்கவில்லை. "கடலுக்குக் கூட்டிட்டுப் போறானாம், கடலுக்கு."

காலையிலிருந்து இந்த நாற்றத்தை முகர்ந்துகொண்டு வருவது தான் ஒருத்திதான் என்று மூக்கி நினைத்திருந்தாள். அதற்குள்ளேயே உட்கார்ந்து முகர்ந்துகொண்டு ஒருவர் வந்திருக்கிறார். நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் யார் இறங்கி வந்திருக்கப் போகிறார்கள்? நினைக்க நினைக்க அண்ணனைவிட, அண்ணியைவிட, தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது.

"வண்டியை நிறுத்து," என்றாள்.

"வீடு வந்துடும்டி."

"பெட்ரோல் பங்க் வருது பாரு, அங்க நிறுத்து. நிறுத்தலேன்னா இந்த பிளாஸ்டிக்கைக் கிழிச்சு எறிஞ்சிடுவேன்."

நிறுத்தினான்.

பங்கின் கழிப்பறையைப் பற்றி என்ன சொல்வது. தரையில் யார் யாருடையதோ தேங்கி நின்றது. தாழ்ப்பாள் இல்லை. அண்ணன் அப்பாவை வாசல்வரை தாங்கி வந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்து, "நான் வண்டிகிட்ட இருக்கேன்," என்று நழுவினான். மூக்கி கதவுக்கு ஒரு வாளியை முட்டுக் கொடுத்தாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணனைக் கூப்பிடு."

"அவன் வரமாட்டான்."

"நீ வேணாம்மா. நீ என் பொண்ணு."

"பொண்ணுதான். கையை எடுங்க."

பாதியிலேயே அவளுக்குக் குமட்டியது. தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு மறுபடி வந்தாள். மறுபடி குமட்டியது, மறுபடி போனாள். அப்பா சுவரைப் பார்த்தபடி, "எனக்கும்தான் வருது," என்றார். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எலும்பு எலும்பாகக் குலுங்கினார். சுவரில் இருந்த சோப்பு டப்பாவை அமுக்கி அமுக்கிக் காலியாக்கினாள். தொடை, முழங்கால் பின்பக்கம், விரல் இடுக்கு. கடையில் மற்றவர் காலைத் தொடுகிற அதே கைதான். ஆனால் இப்போது அவசரப்படவில்லை. துவட்டி, பையில் கொண்டுவந்திருந்த வேறு வேட்டி கட்டிவிட்டு, தன் கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவர் முகர்ந்து பார்த்தார். தலையாட்டினார்.

காரில் ஏறியதும், "அந்த அட்டையைக் கழட்டச் சொல்லு," என்றார்.

"புது வண்டிப்பா," என்றான் அண்ணன். மூக்கி எக்கிப் பிடுங்கி, கண்ணாடியை இறக்கி வெளியே எறிந்தாள். காற்று உள்ளே வந்தது. அப்பா மூச்சை நீளமாக இழுத்துப் பார்த்தார்.

"ம். இப்ப ஒண்ணும் வரல," என்றார்.

அவள் தோளில் சாய்ந்து தூங்கினார். அவருடைய மூச்சு அவள் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குள் நுழைந்து, முதல் சிக்னலில் கார் நின்றபோது அது படவில்லை. சிக்னல் மாறியது. கார் கிளம்பியது. அவள் வீடு சேரும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் சொன்னாள். அண்ணன் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துச் சத்தமாக அழுதான். அழுகை பொய் இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டை ஒருமுறை பார்த்தான். "நல்லவேளை, அங்க நிறுத்தினோம்," என்றான். நிறுத்தினோமாம்.

அப்பாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பாத்துக்கிற அம்மா ஓடிவந்து, போர்வையை விலக்கிப் பார்த்து, "யாரு இவ்வளவு சுத்தமா பண்ணது?" என்றாள். அண்ணி காரிலிருந்த அந்த வாசனை டப்பாவை எடுத்துவந்து கட்டிலைச் சுற்றி அடிக்கப் போனாள். மூக்கி அதைக் கையிலிருந்து வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தாள்.

"கூட்டம் வருதுல்ல, அதுக்குத்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணி பின்கட்டுக்குப் போய் அங்கே ஒழுங்குபண்ண ஆரம்பித்தாள்.

மூக்கி கை கழுவக் குழாயடிக்கு வந்தபோது மேடை துடைத்துக் காலியாக இருந்தது.

"இங்க இருந்த எலுமிச்சை எங்க அண்ணி?"

"அது காஞ்சு கறுத்துப் போச்சுடி. குப்பையில போட்டுட்டேன்."

குப்பை வாளி மூலையில் இருந்தது. பயணம் கிளம்புமுன் கொட்டிய டீத்தூளும் கெட்டுப்போன சோறும் வெயிலில் புளித்து, மேலே ஈ மொய்த்தது. மூக்கி முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். எடுத்து, குழாயில் ஒருமுறை காட்டி, மேடையில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.