பத்தொன்பதோடு நின்ற கல்

ரொசாலியா வ்ரோனா நீச்சல் வகுப்பை முடித்த மறுநாள் காலை, எங்கள் ஊர் இடுகாட்டில் அவளுடைய கல்லறைக் கல்லில் ‘நீந்தத் தெரிந்தவள்’ என்ற வரி தானாகவே பொறிக்கப்பட்டிருந்தது. அந்த நேரம் ரொசாலியா வீட்டில் நல்ல பசியோடு முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

உயிரோடிருப்பவளுக்கு ஏது கல்லறை என்றால், போலந்தில் எங்கள் பக்கத்து வழக்கம் அது. கணவன் போனால், அதே கல்லில் மனைவி பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துச் செதுக்கிவிடுவோம். இறந்த ஆண்டுக்கு மட்டும் இடம் விடுவோம். அவள் கணவர், சர்க்கரை ஆலைப் பொறியாளர் ஸெனோன் 1988இல் இறந்தபோது, கல் தச்சர் கெர்வாசி முன்யோசனையோடு ரொசாலியாவின் பக்கம் ‘19’ என்றும் செதுக்கி, மீதி இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டார். ஸெனோன் பெயருக்குக் கீழே ‘முதுநிலைப் பொறியாளர்’. அவள் பெயருக்குக் கீழே ‘மனைவி’. பிறகு நூற்றாண்டு முடிந்தது, ரொசாலியா முடியவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுப் புத்தாண்டன்று கல்லின் முன் நின்று சிரித்தாள். “கெர்வாசி, நான் சாகவேண்டிய கெடு தாண்டிப்போச்சுப்பா. இப்ப என்ன பண்றது?”

“அவசரமில்லக்கா. உளி எங்கயும் போயிடாது.”

உண்மையில் அவளை உறுத்தியது அந்த எண் அல்ல, ‘மனைவி’தான். பொய்யில்லை, ஆனால் ஒரு முழு ஆயுசுக்கு அவ்வளவுதானா? அந்த வாரமே ஊர்ப் பண்பாட்டு இல்லத்துக்குப் போய், மூத்தோருக்கான குறுகிய கால வகுப்புகளில் பெயர் கொடுத்தாள். நீச்சலுக்குப் பிறகு காளான் வகுப்பு. கல்லில் ‘நஞ்சுக் காளானை இனங்காண்பவள்’ என்று வந்தது. மின்சாரப் பழுது பார்க்கக் கற்று, ஸெனோன் உயிரோடிருந்தவரை தொடவிடாத வானொலியைப் பிரித்துப் பாடவைத்தாள், அதுவும் கல்லில் ஏறியது. டாங்கோவுக்கு ‘ஆடியவள், இடது காலில் சற்றே தடுமாற்றம்’ என்றிருந்தது. பாதியில் விட்ட இத்தாலிய மொழிக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை. அந்தக் கல்லிடம் சிபாரிசு செல்லாது. எங்களுக்கெல்லாம் அவளைப் பற்றிப் பெருமை பிடிபடவில்லை; வெளியூர் விருந்தாளிகளை முதலில் அங்கேதான் கூட்டிப்போவோம்.

ஸெனோனின் தங்கை ஸ்தேஃபாவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. “அண்ணி, ஆலையையே தூக்கி நிறுத்தின மனுஷன் எங்க அண்ணன். அவரு தலைமாட்டுல டாங்கோவா? ஊரே சிரிக்குது!”

“ஊர் வாய மூட உலைமூடி ஏது? அவரு ஆலையத் தூக்கி நிறுத்தினாரு, சரி. அவரத் தினம் தூக்கி நிறுத்தினது யாரு? அத எந்தக் கல்லுல செதுக்கினீங்க?”

அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தின நாள், ஊர் முழுக்க மெழுகுவர்த்தியோடு இடுகாட்டுக்கு வருவதற்குள், ஸ்தேஃபா கெர்வாசியை நச்சரித்து ரொசாலியாவின் பக்கத்தைத் தேய்க்கவைத்தாள். பெயரும் ‘மனைவி’யும் பிறந்த ஆண்டும் ‘19’ம் மட்டும் மிஞ்சின. செவ்வந்திப்பூத் தொட்டியோடு வந்த ரொசாலியா, வழவழத்த கல்லைத் தடவித் தடவி அழுதாள். கணவனைப் புதைத்த நாளில்கூட அவள் அப்படி அழுததை நாங்கள் பார்த்ததில்லை. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, அன்று மாலை விண்மீன் வகுப்பின் கடைசிப் பாடத்துக்குப் போனாள்.

திருநாள் காலையில் வரிகள் எல்லாம் திரும்பியிருந்தன, விரல் நுனி புதையும் ஆழத்தில். கடைசியில் ‘விண்மீன்களைப் பெயர் சொல்லி அழைப்பவள்’. ஸெனோனின் பக்கம் கெர்வாசி கைகூட வைக்கவில்லை. ஆனால் ‘முதுநிலைப் பொறியாளர்’ என்பதன் கீழே அங்கேயும் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘ரொசாலியாவின் கணவர்’.

கூட்டம் ஸ்தேஃபாவின் முகத்தையே பார்த்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“பொய் ஒண்ணும் இல்லையே” என்றாள். பிறகு அந்த வரியைப் பாதி மறைத்துக்கொண்டிருந்த செவ்வந்தித் தொட்டியைத் தானே ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

அந்த ‘19’ இன்னும் அப்படியே இருக்கிறது. தொண்ணூறு தாண்டிய ரொசாலியா இந்த வசந்தத்தில் அக்கார்டியன் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். கல்லை ஒரு முழம் உயர்த்தவேண்டியிருக்கும் என்று கெர்வாசி அளவெடுத்துப் போனார்.