வலது கைக்கு ஓர் இலை

வேல்பாண்டி செத்து இருபத்தாறு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, புதுவயல் அரிசி ஆலையில் வேலைக்கு வந்ததாகப் பதிவானான். வாசலில் இருக்கும் விரல்ரேகை மெஷின், யாரும் அழிக்க நினைக்காமல் விட்ட அவன் போட்டோவைக் காட்டி ‘தேங்க் யூ’ என்றது. விரல் வைத்தவர் ஒக்கூர் குருநாதன், எடைமேடைக்குப் புதிதாக வந்த கிளார்க்.

அதற்குச் சற்று முன்புதான் மேனேஜர் வீரபாண்டியன் எல்லோரையும் நிற்கவைத்து அவரை அறிமுகப்படுத்தியிருந்தார். “சாருக்கு கரும்பு மெஷின்ல வலது கை போயிருச்சு. செத்துப்போன ஒரு புண்ணியவானோட கையை வச்சுத் தச்சிருக்காக. ஆயுசுக்கும் மாத்திரை. தூசி ஆகாது, கண்ணாடி ரூமுக்குள்ளதான் இருப்பாரு. பக்கத்துல போயி யாரும் தும்மாதீக.”

“தும்மல் வந்தா லீவு போட்டுர்றோம் சார்” என்றான் மூட்டை தூக்கும் வீரணன். எல்லோரும் சிரித்தார்கள். களத்தில் நெல்லைக் காலால் கிளறிவிடும் சித்ரா சிரிக்கவில்லை. குருநாதன் விரல் வைத்ததும் அவள் மெஷினில் தன் புருஷனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் வளையல் போலத் தழும்பு. அதற்கு மேலே மாநிறம், கீழே மூட்டை தூக்கிய கருப்பு. கதவிடுக்கில் நசுங்கி இரண்டாகப் பிளந்த சுட்டுவிரல் நகம் அப்படியே இருந்தது.

வேல்பாண்டி ரோட்டில் விழுந்து மூளை செத்தபோது, ஆஸ்பத்திரியில் கண், ஈரல், கை எல்லாம் கேட்டார்கள். முதியோர் பள்ளியில் படித்த மூன்று எழுத்தில் சித்ரா கையெழுத்துப் போட்டாள். அவள் ஆயுசில் போட்ட முதல் கையெழுத்து அது. அவனுக்கு மரக்கை ஒன்றைக் கட்டித்தான் எரித்தார்கள். “கையில்லாம அனுப்பிட்டியேடி, அங்குட்டுப் போயி எம்புள்ள எதை வச்சுச் சோறு திங்கும்?” என்று மாமியார் செந்தாமரை மண்ணில் புரண்டாள். அன்றிலிருந்து இருபத்தாறு அமாவாசைக்கும் படைத்த இலையைக் காக்கை தொடவில்லை. சுற்றி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்துவிடும். எறும்பும் வராது. மத்தியானம் போட்ட சோறு, விளக்கு வைக்கும்வரை ஆவி பறக்க அப்படியே இருக்கும். பசியோடு இருக்கிறான் என்று இரண்டு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடப்பார்கள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் சித்ரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கண்ணாடி ரூம் வாசலில் நின்றாள். “அண்ணே, வியாழக்கிழமை அமாவாசை. எங்க வீட்டுக்கு வந்து ஒருநேரம் சாப்பிட்டுப் போவீகளா? உங்களுக்கில்லண்ணே. கைக்கு.”

குருநாதன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது நான் சொல்றதை முக்காவாசி கேக்கும் தாயி. சோத்தைக் கண்டா மட்டும் கேக்காது. வாரேன்.”

“ஏடி, ஆளை அண்ணேங்கிறே. கையை என்னன்னு கூப்பிடுவே?” என்று கேட்டாள், கூட நெல் கிளறும் சிட்டாள்.

“கூப்பிட மாட்டேன். சோறு போடுவேன்.”

வியாழக்கிழமை அந்தக் கை உப்பை ஓரத்துக்கு ஒதுக்கியது. சோற்றில் குழி பறித்துக் குழம்புக்குக் காத்திருந்தது. பெரிய பெரிய உருண்டையாக உருட்டியது. சித்ரா மூன்று தடவை சோறு போட்டாள். குருநாதன் மென்று விழுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனாலும் எழும்போது, “வயித்துல ஒண்ணுமே விழுகலையே தாயி, காலையில இருந்த பசி அப்படியே இருக்கு” என்றார். ஓட்டின் மேலிருந்து காக்கை இறங்கி, இலையில் மிஞ்சிய சோற்றைக் கொத்தியது. செந்தாமரை சுவர்ப்பக்கம் திரும்பி, “தின்னுட்டான்” என்றாள்.

கை கழுவியதும், ஈரத்தோடு அது சித்ராவின் முந்தானைக்கு நீண்டது. குருநாதன் பதறி, இடது கையால் அதைப் பிடித்து இழுத்தார்.

“விடுங்கண்ணே, அதோட பழக்கம்” என்று சொல்லி முந்தானையை நீட்டினாள். கை துடைத்து முடிக்கும்வரை அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் மூன்று தடவை வேல்பாண்டி பெயரை அழித்தார். மூன்று தடவையும் அது மறுநாள் திரும்பி வந்தது. இப்போது குருநாதன் தினமும் வலது கட்டைவிரலை வைத்து அவன் வந்ததைச் சொல்லிவிட்டு, இடது கட்டைவிரலால் தான் வந்ததைச் சொல்கிறார். அமாவாசைக்கு அமாவாசை சித்ரா இரண்டு இலை போடுகிறாள். முதல் இலை கைக்கு, இரண்டாவது இலை ஆளுக்கு. அதில் அவர் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். வாசல் ஆணியில் அவருக்கென்று கை துடைக்கப் புதுத் துண்டு ஒன்று தொங்குகிறது. வலது கை இதுவரை அதைத் தொட்டதில்லை.